இஷிமுரா ஜப்பானுக்குப் போகவில்லை

'டெட் ஸ்பேஸ்' வீடியோ விளையாட்டின் கதை பெரும்பாலும் ஒரு விண்கலத்துக்குள் நடக்கிறது. கலத்தின் பெயர் யுஎஸ்ஜி இஷிமுரா. கோள்களைப் பிளந்து தாதுவை எடுக்கும் ராட்சதக் கலம் அது. நெடுந்தூர விண்பயணத்துக்கு வழி கண்டுபிடித்த இஷிமுரா என்ற விஞ்ஞானியின் பெயரை அதற்கு வைத்தார்கள் என்பது கதை. 2008இல் அமெரிக்காவில் வெளியான இந்த விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு முன்மாதிரி, மிகாமி ஷின்ஜி இயக்கிய 'ரெசிடென்ட் ஈவில் 4'. பெயரும் ஜப்பானியம், பரம்பரையும் ஜப்பானியம். இருந்தும் இஷிமுரா ஜப்பானியக் கடைகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. 2023 ஜனவரியில் அதே விளையாட்டைப் புதுப்பொலிவோடு மறுபடி வெளியிட்டார்கள். அதுவும் போகவில்லை.

எந்த விளையாட்டு எந்த நாட்டில் வரவில்லை, எதை வெட்டினார்கள், எதை மாற்றினார்கள் என்று தேடிப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். உருப்படியான பழக்கம் என்று வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒசாகாவில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பனுக்கு இது தெரியும். புது பிளேஸ்டேஷன் வாங்கிய கையோடு போன் செய்தான்.

"மச்சி, ஸ்டோர்ல மார்ட்டல் காம்பாட்னு அடிச்சா ஒண்ணுமே வர மாட்டேங்குது. மாத்தி மாத்தி அடிச்சுப் பாத்துட்டேன்."

"அது அங்க கிடையாதுடா."

"ஏன்? தடை பண்ணிட்டாங்களா?"

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். யூடியூபில் 'ஜப்பானில் தடை செய்யப்பட்ட 10 விளையாட்டுகள்' என்று வீடியோவும் போடுவார்கள். ஆனால் மார்ட்டல் காம்பாட்டை ஜப்பான் அரசு தடை செய்யவில்லை. டெட் ஸ்பேஸையும் செய்யவில்லை. எந்த மந்திரியும் கையெழுத்துப் போடவில்லை, எந்த நீதிமன்றமும் ஆணை பிறப்பிக்கவில்லை. அந்த விளையாட்டுகள் அங்கே வராமல் போனதற்குக் காரணம், விற்கிறவர்களே கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று ஒதுங்கியதுதான். எதைக் கூட்டினார்கள், எதைக் கழித்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் செரோ. ஜப்பானில் வீடியோ விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் கொடுக்கும் அமைப்பு இது. 2002இல் அங்கிருக்கும் விளையாட்டு நிறுவனங்களின் சங்கம் முன்னின்று தொடங்கியது. நம் ஊர் சென்சார் போர்டு சட்டப்படி அமைந்த அரசு வாரியம். செரோ அப்படியல்ல, லாப நோக்கில்லாத தனி அமைப்பு. பரிசீலனை செய்கிறவர்கள் வெவ்வேறு வயதைச் சேர்ந்த பொதுமக்கள். விளையாட்டுத் தொழிலோடு தொடர்பே இல்லாதவர்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். நிறுவனம் தன் விளையாட்டில் உள்ள கடுமையான காட்சிகளைத் தொகுத்து வீடியோவாகக் கொடுக்கும். அதைப் பார்த்துத் தரம் போடுவார்கள். முழு விளையாட்டையும் உட்கார்ந்து விளையாடிப் பார்ப்பதில்லை.

ஏ என்றால் எல்லோருக்கும். பி 12 வயது, சி 15, டி 17. கடைசியாக சிவப்புப் பட்டையோடு இசட், 18 வயதுக்கு மேல் மட்டும். இந்த இசட் ஆரம்பத்தில் இருந்த முறை அல்ல. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3'ஐ 2003இல் கேப்காம் நிறுவனம் ஜப்பானில் வெளியிட்டது. 2005இல் கனகாவா மாகாணம் அதை இளைஞர்களுக்குத் தீங்கான வெளியீடு என்று அறிவித்து, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது என்றது. அரசு கையை உள்ளே நுழைக்கும் முன் நாமே கதவைச் சாத்திக்கொள்வோம் என்று தொழில் துறை முந்திக்கொண்டது. 2006இல் புதிய தர வரிசை வந்தது. இசட் முத்திரை விழுந்தால் கடையில் தனி அலமாரி, வாங்க வருபவரிடம் வயதுச் சான்று.

'சரி, 18க்கு மேல் என்று தனியாக ஒரு வகுப்பு இருக்கிறதே, அதில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். இசட்டுக்கும் மேலே ஒரு கூரை உண்டு. சில காட்சிகளுக்கு எந்த வயதுக்கும் தரம் கிடையாது. வெட்டுப்பட்ட உடலின் உட்புறம் தெரிவது, குடல் வெளியே வருவது, மனிதத் தலையோ கை காலோ அறுபட்டு விழுவதை அப்பட்டமாகக் காட்டுவது போன்றவை இதில் அடக்கம். செரோ இதைத் தடை என்று சொல்லாது. தரம் கொடுக்க மறுக்கும், அவ்வளவுதான். தரமில்லாத வட்டைத் தங்கள் கருவியில் விற்க சோனியும் நிண்டெண்டோவும் மைக்ரோசாஃப்ட்டும் அனுமதிப்பதில்லை. கடைக்காரரும் அலமாரியில் வைக்கமாட்டார். ஆளாளுக்கு ஒரு சாவி. ஒருவர் திறக்காவிட்டாலும் கதவு திறக்காது.

இப்போது டெட் ஸ்பேஸுக்குள் போவோம். ஐசக் கிளார்க் படைவீரன் அல்ல, இன்ஜினியர். அவன் கையில் முதலில் கிடைப்பது துப்பாக்கிகூட இல்லை, சுரங்க வேலைக்கான பிளாஸ்மா கட்டர். அது கிடக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ ரத்தத்தால் எழுதி வைத்திருக்கிறார்கள்: அவற்றின் கை கால்களை வெட்டு. பிணங்களிலிருந்து உருவான அந்த ஜந்துக்களைத் தலையில் சுட்டால் சாகாது. நெஞ்சில் சுட்டால் வேகம் கூடக் குறையாது. கட்டரின் முனையைப் படுக்கையாகவோ செங்குத்தாகவோ திருப்பலாம். ஓடிவரும் ஜந்துவின் முழங்கால் என்றால் படுக்கை, தோள் என்றால் செங்குத்து. ஒரு நொடியில் முடிவெடுத்துத் திருப்பி வெட்ட வேண்டும். கால் போனால் கையால் தவழ்ந்து வரும். கையும் போனால்தான் நிற்கும். இருட்டறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு இதை முதன்முதலில் விளையாடியபோது எனக்கு அருவருப்பே வரவில்லை. எதை முதலில் வெட்டுவது என்ற கணக்குதான் மண்டைக்குள் ஓடியது. குண்டு குறைவு, ஜந்து அதிகம்.

இதில் உறுப்பு வெட்டுவதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஒன்றுமே இல்லை. சதுரங்கத்தில் காயை வெட்டக் கூடாது என்று சொல்வது போலத்தான்.

இதோடு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்'ஸை ஒப்பிட்டுப் பாருங்கள். அதிலும் தலை சிதறும், உறுப்பு தெறிக்கும். ஜப்பான் பதிப்பில் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். சுட்டால் விழுகிறான், அவ்வளவுதான். ஜோயலும் எல்லியும் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் கதைக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. ஜப்பானில் அது நன்றாகவே போனது. அப்புறம் 'ரெசிடென்ட் ஈவில்', அதாவது ஜப்பானியர்களின் 'பயோஹசார்ட்'. 7ஆம் பாகத்தைத் தன் சொந்த நாட்டிலேயே கேப்காம் இரண்டு பதிப்பாக விற்றது: ஒன்று டி, இன்னொன்று கோரம் கூடுதலான இசட். அந்த இசட்கூட வெளிநாட்டுப் பதிப்பின் அளவுக்குப் போகாது.

நான் பார்த்தவரை பிரிவினை இப்படித்தான் விழுகிறது. கோரம் அலங்காரமாக இருக்கும் விளையாட்டுகளை வெட்டி ஒட்டி உள்ளே கொண்டுவந்துவிடுகிறார்கள். கோரமே விளையாடும் முறையாக இருந்தால் வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். டெட் ஸ்பேஸை உருவாக்கிய கிளென் ஸ்கோஃபீல்டு பின்னாளில் வேறொரு நிறுவனத்தில் 'தி கேலிஸ்டோ புரோட்டோகால்' என்ற விளையாட்டைச் செய்தார். 2022 டிசம்பர் 2 அன்று வெளியீடு என்று அறிவிப்பு. ஜப்பானிலும் முன்பதிவு நடந்தது. அக்டோபரில் ட்விட்டரில் ஜப்பானிய மொழியில் ஓர் அறிவிப்பு வந்தது: இப்போதுள்ள உள்ளடக்கத்தோடு செரோ தரம் கிடைக்காது, மாற்றினால் விளையாடுபவர்கள் எதிர்பார்க்கும் அனுபவம் கிடைக்காது, ஆகவே ஜப்பான் வெளியீட்டை ரத்து செய்கிறோம், முன்பதிவுப் பணம் திரும்ப வரும். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு அவர்களே வெளியேறினார்கள்.

மார்ட்டல் காம்பாட்டின் கதை இன்னும் சுவாரசியமானது, ஏனென்றால் அது ஒரு காலத்தில் ஜப்பானில் கிடைத்தது. 1992இல் சிகாகோவில் எட் பூனும் ஜான் டோபயஸும் உருவாக்கிய சண்டை விளையாட்டு. நிஜ நடிகர்களைப் படம் பிடித்து உள்ளே ஏற்றியிருந்தார்கள். தோற்றுத் தள்ளாடி நிற்பவனின் இதயத்தைப் பிடுங்கலாம், முதுகெலும்போடு தலையை உருவலாம். அமெரிக்காவில் இதைப் பற்றி 1993இல் செனட்டில் விசாரணையே நடந்தது. அடுத்த வருடம் அங்கே வயதுத் தர அமைப்பு உருவானது. இரண்டாம் பாகத்தை அமெரிக்காவில் சூப்பர் நிண்டெண்டோவுக்கு அப்படியே விட்டார்கள். அதே கருவி ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம். அதற்கு வந்த பதிப்பில் ரத்தம் பச்சை நிறத்தில் பீறிட்டது. கடைசிக் கொலைக் காட்சியில் திரை முழுக்கக் கறுப்பு வெள்ளையானது. சுரைக்காய்ச் சாறு தெறிப்பதைப் போல இருக்கும் அந்தக் காட்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன, பார்த்தால் சிரிப்பு வரும்.

2011இல் மார்ட்டல் காம்பாட் புதிதாகப் பிறந்தபோது அடி விழும் இடத்தில் எக்ஸ்ரே போல எலும்பு நொறுங்குவதையும் உறுப்பு கிழிவதையும் காட்ட ஆரம்பித்தது. செரோவின் கூரை மேல் ஏறி நின்று ஆடுவதற்குச் சமம். அந்தப் பாகமும், 2015, 2019, 2023இல் வந்தவையும் ஜப்பானை எட்டிப் பார்க்கவில்லை. இதில் எனக்கு வருத்தம் அதிகமில்லை. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்', 'டெக்கன்', 'விர்ச்சுவா ஃபைட்டர்' என்று சண்டை விளையாட்டின் சமையலறையையே வைத்திருக்கும் நாடு அது. மார்ட்டல் காம்பாட்டின் அசைவுகள் அவற்றின் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் விறைப்புதான். ரத்தத்தைக் கழித்துவிட்டு அங்கே போட்டிக்கு நிற்பதென்றால் எந்த வியாபாரிக்கும் தயக்கம் வரும். இதைச் சொன்னால் என் நண்பன் சண்டைக்கு வருவான்.

ரத்தம் சரி, தலை அறுபடுவதில் மட்டும் ஏன் இவ்வளவு கூச்சம்? சாமுராய் படங்களில் தெறிக்காத தலையா? இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஆனால் 1997ஐ விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த வருடம் கோபே நகரில் 14 வயதுப் பையன் ஒருவன் சிறுவன் ஒருவனைக் கொன்று, தலையைப் பள்ளி வாசலில் வைத்துவிட்டுப் போனான். நாடே உறைந்துபோனது. கொலைகாரன் யாரென்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதே வருடம் 'கிராஷ் பேண்டிகூட் 2' தயாராகிக்கொண்டிருந்தது. அது சிறுவர்கள் விளையாடும் கார்ட்டூன் விளையாட்டு. கிராஷ் நசுங்கினால் தலையும் இரண்டு ஷூக்களும் மட்டும் மிஞ்சி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நடந்துபோகும். அமெரிக்காவில் குழந்தைகள் சிரிக்கும் காட்சி. ஜப்பானில் அந்த நேரத்தில் அதைக் காட்ட முடியாது என்று மாற்றினார்கள். கிராஷ் அங்கே பல லட்சம் பிரதிகள் விற்றது. வெளிநாட்டு விளையாட்டு ஜப்பானில் போகாது என்பவர்களுக்கு அன்று கிடைத்த நல்ல பதில் அது. அமெரிக்கத் தயாரிப்பாளர் மார்க் செர்னியும் சோனியின் ஜப்பான் ஆட்களும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த மண்ணுக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாகத் திருத்தியதால் வந்த வெற்றி.

திருத்துவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. என்னை மிகவும் உலுக்கியதும் அதுதான். 1997இல் 'ஆட்வேர்ல்டு: ஏப்'ஸ் ஆடிஸி' வந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் அடிமைகளாக வேலை செய்யும் முடோக்கன் என்ற இனம். அடுத்து டப்பாவில் அடைபடப்போவது தாங்கள்தான் என்று ஏப் என்பவன் கண்டுபிடித்துத் தப்பிக்கும் கதை. முடோக்கன்களுக்குக் கையில் நான்கு விரல். அமெரிக்கக் கார்ட்டூனில் நான்கு விரல் வைப்பது சகஜம். வரைவது சுலபம் என்பதைத் தாண்டி அதற்குக் காரணம் கிடையாது. ஜப்பானில் அந்தக் கையை அப்படியே காட்ட முடியவில்லை.

ஜப்பானில் புராகுமின் என்ற மக்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடுவது, மாடு அறுப்பது, பிணம் அடக்கம் செய்வது போன்ற தொழில்களைச் செய்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். 1871இல் சட்டப்படி அந்த இழிவு நீக்கப்பட்டது. கல்யாணப் பேச்சிலும் வேலை வாய்ப்பிலும் பூர்வீகத்தைத் துருவிப் பார்ப்பது அதற்குப் பின்னும் நீடித்தது. அவர்களைக் குறித்து இழிவாகச் சொல்ல நான்கு விரலைக் காட்டும் சைகை ஒன்று உண்டு. நான்கு கால் மிருகத்தோடு புழங்குகிறவன் என்று அர்த்தம். இப்போது அந்த விளையாட்டை நினைத்துப் பாருங்கள்: இறைச்சித் தொழிற்சாலை, அடிமை வேலை, நான்கு விரல். உருவாக்கியவர்களுக்கு இப்படி ஒரு சங்கதி இருப்பதே தெரியாது. ஜப்பான் பதிப்பில் மூன்று விரலாக மாற்றினார்கள். அதன் பிறகு வந்த பாகங்களில் உலகம் முழுவதற்கும் மூன்று விரல்தான். தொழிலை வைத்து ஒருவனை எடைபோடும் சைகை எவ்வளவு வலிக்கும் என்று நம் ஊர் வாசகருக்கு விளக்க வேண்டிய தேவை இல்லை. கார்ட்டூன் பொம்மைக்குக்கூடச் சென்சாரா என்று இதை நக்கலடிக்கும் இணையப் பதிவுகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

அடுத்தது அணுகுண்டு. 'ஃபால்அவுட் 3' அணுப்போருக்குப் பிந்தைய வாஷிங்டனில் நடக்கிறது. மெகாடன் என்ற ஊர். வெடிக்காமல் கிடக்கும் ஓர் அணுகுண்டைச் சுற்றியே குடிசை போட்டிருக்கிறார்கள். சாராயக் கடையில் கோட்டும் தொப்பியும் போட்ட பர்க் என்ற ஆள், காசு தருகிறேன், இந்தக் குண்டை வெடிக்க வை என்பான். செய்தால், தூரத்து மாடியிலிருந்து காளான் மேகத்தை வேடிக்கை பார்க்கலாம். 2008 டிசம்பரில் வந்த ஜப்பான் பதிப்பில் பர்க்கும் இல்லை, வெடிக்க வைக்கும் வழியும் இல்லை. சின்ன அணுகுண்டுகளை வீசும் ஆயுதம் ஒன்றுக்கு ஃபேட் மேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாகசாகியில் விழுந்த குண்டின் பெயர். அதை நூக்கா லாஞ்சர் என்று மாற்றினார்கள். இதில் வெட்டியது சரியா தவறா என்று ஜப்பானியரிடம் போய் வாதாட எனக்கு வாய் வராது. தேர்வு செய்ய விடுவதுதான் அந்த விளையாட்டின் அழகு என்பதும் உண்மை. ஊரை எரிக்கும் வாய்ப்பு இருப்பதால்தான் காப்பாற்றுவதற்கு மதிப்பு.

ஆனால் இதே ஃபால்அவுட் 3 இந்தியாவில் என்ன ஆனது என்பது பலருக்கும் மறந்துவிட்டது. 2008 அக்டோபரில், தன் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கான ஃபால்அவுட் 3ஐ இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் இந்தியா அறிவித்தது. உள்ளூர்ப் பண்பாட்டுச் சிக்கல்களை ஆராய்ந்தோம், தீர்க்க முயன்றோம், நல்ல சமரசம் எட்டவில்லை என்ற ரீதியில் அறிக்கை. எது சிக்கல் என்று அதில் சொல்லவில்லை. விளையாடியவர்கள் உடனே ஊகித்தார்கள்: கதிர்வீச்சால் இரட்டைத் தலையோடு பிறக்கும் மாடுகளுக்கு அந்த விளையாட்டில் பிராமின் என்று பெயர். ஜப்பானுக்கு ஆளைத் தூக்கிவிட்டு, ஆயுதத்தின் பெயரை மாற்றி, விளையாட்டைக் கொடுத்தார்கள். நமக்கு ஒரு மாட்டின் பெயரை மாற்றக்கூட மெனக்கெடவில்லை. ஜப்பானின் சந்தை பெரிது, நம்முடையது அன்றைக்கு ஒன்றுமேயில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். நம் நாட்டிலும் யாரும் அதைத் தடை செய்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

போர் விளையாட்டுகளில் கணக்கு கொஞ்சம் வேறு. 'கால் ஆஃப் டியூட்டி: வேர்ல்டு அட் வார்' 2008இல் வந்தது. மேக்கின் தீவில் ஜப்பானிய அதிகாரி அமெரிக்கக் கைதியைக் கொல்வதில் தொடங்கி, ஒகினாவாவின் ஷூரி கோட்டையில் முடியும் பசிபிக் போர். ஜப்பானில் அது விற்கப்படவில்லை. பழைய போரைத் தொட்டாலே அங்கே வராது என்றும் சொல்லிவிட முடியாது. பேர்ல் ஹார்பரிலிருந்து தொடங்கும் 'மெடல் ஆஃப் ஹானர்: ரைசிங் சன்' அங்கே விற்பனைக்கு வந்தது. வட கொரியா அமெரிக்காவைப் பிடித்துக்கொள்வதாகக் கற்பனை செய்த 'ஹோம்ஃபிரண்ட்' 2011இல் வந்தபோது, ஜப்பான் பதிப்பில் வட கொரியா என்ற பெயரும் கிம் ஜோங் இல்லும் மறைந்து, வடக்கே உள்ள ஏதோ ஒரு நாடு ஆனது. பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசும்போது நாமும் பெயரைச் சொல்வதில்லையே.

இவ்வளவு நேரம் ரத்தம், அணு, போர் என்று பேசினாலும், ஜப்பானுக்குப் போகாத மேற்கத்திய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதில் எந்தக் காரணமும் கிடையாது என்பது என் எண்ணம். போகாது என்று நினைத்தார்கள், அதனால் அனுப்பவில்லை. 'ஸ்பைரோ' என்ற ஊதா நிறக் குட்டி டிராகனில் என்ன கோரம் இருக்கிறது? முதல் பாகத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோனபோது, வேகமாகச் சுழலும் முப்பரிமாணக் காட்சி தலைசுற்றலைத் தருகிறது என்று கேமராவை நிதானமாக்கிக்கூடக் கொடுத்தார்கள். இரண்டாம் பாகமும் போனது. மூன்றாம் பாகம் போகவில்லை.

மொழிபெயர்ப்புச் செலவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாம் ஆங்கிலத்தில் விளையாடிப் பழகியவர்கள். பாதி புரியாவிட்டாலும் அம்புக்குறி காட்டும் பக்கம் ஓடுவோம். ஜப்பானில் ஆங்கிலத்தில் விற்றால் வாங்க ஆளில்லை. பல லட்சம் சொற்கள் கொண்ட கதை விளையாட்டை மொழிபெயர்க்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும், செரோவுக்குப் பணம் கட்ட வேண்டும், தேவையானதை வெட்டித் தனிப் பதிப்பு செய்ய வேண்டும், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அப்புறம் எத்தனை விற்கும்?

அந்த எத்தனையில்தான் எக்ஸ்பாக்ஸ் விழுந்தது. 2002 பிப்ரவரி 22 அன்று டோக்கியோவில் அறிமுகம். பில் கேட்ஸே ஷிபுயாவுக்கு வந்து முதல் கருவியை எடுத்துக் கொடுத்தார். ஜப்பானியர்களின் கைக்காகவே சின்னக் கன்ட்ரோலர் செய்தார்கள். ஆனால் வட்டில் கீறல் விழுகிறது என்று வந்த உடனேயே புகார். அந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஜப்பானில் கடைசி வரைக்கும் 5 லட்சத்தைத் தொடவில்லை. அடுத்து வந்த 360 சுமார் 16 லட்சம். அந்தக் கருவிக்கென்றே செய்யப்பட்ட அமெரிக்க விளையாட்டுகளுக்கு அங்கே வாடிக்கையாளர் யார்? 'கியர்ஸ் ஆஃப் வார்' முதல் மூன்று பாகங்கள் ஜப்பானில் வந்தன. துப்பாக்கியின் முனையில் ரம்பம் கட்டி ஆளை இரண்டாகப் பிளக்கும் விளையாட்டு அது, நினைவிருக்கட்டும். 2016இல் நான்காம் பாகம் வரவில்லை. செரோ ஒரு காரணம். ஆனால் சந்தை பெரிதாக இருந்திருந்தால் ரம்பத்தை மறைக்க ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பானியருக்கு வெளிநாட்டு விளையாட்டு பிடிக்காது என்பது சுத்தப் புரளி. 1984இல் ஹட்சன் நிறுவனம் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்த 'லோட் ரன்னர்' அமெரிக்க விளையாட்டு. அது 10 லட்சத்துக்கு மேல் விற்றது. 'விசர்ட்ரி', 'அல்டிமா' என்ற அமெரிக்கக் கணினி விளையாட்டுகளைப் பார்த்துத்தான் 'டிராகன் குவெஸ்ட்' பிறந்தது. 'மைன்கிராஃப்ட்' ஸ்வீடனில் பிறந்தது. ஜப்பானியச் சிறுவர்கள் அதைத் தங்கள் நாட்டு விளையாட்டு போலவே நடத்துகிறார்கள். 2020இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வைச் செய்தது அமெரிக்க நிறுவனம். ஜப்பானின் ஃபமிட்சு பத்திரிகை அதற்கு 40க்கு 40 கொடுத்தது. நிஜமான சுஷிமா நகரம் அதன் இயக்குநர்கள் இருவரையும் தன் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது. அதன் தரம் என்ன தெரியுமா? இசட்.

இப்போது நிலைமை கொஞ்சம் உரசலாக இருக்கிறது. 2024 ஏப்ரலில், கொரியாவிலிருந்து வந்த 'ஸ்டெல்லர் பிளேட்'டுக்கு எதையும் வெட்டாமல் டி தரம் கிடைத்தது. எதிரிகள் வெட்டுப்படுவார்கள், ரத்தமும் உண்டு. உடனே, டெட் ஸ்பேஸை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஜப்பான் பொறுப்பாளர் ஷான் நோகுச்சி வெளிப்படையாகவே பொருமினார்: இது சரியென்றால் டெட் ஸ்பேஸ் மட்டும் ஏன் கூடாது? அதே வருடம் ஜப்பானிய விளையாட்டு இயக்குநர் சுடா கோய்ச்சியும் மிகாமி ஷின்ஜியும், தாங்கள் செய்த 'ஷேடோஸ் ஆஃப் தி டேம்ட்' மறுவெளியீட்டுக்காக ஜப்பானில் இரண்டு பதிப்பு செய்ய வேண்டிய கதையைப் பேட்டியில் சொல்லி அலுத்துக்கொண்டார்கள். வேலை இரட்டிப்பு, வெட்டியதை விரும்புகிறவர் யார் என்பதும் தெரியவில்லை. கோர விளையாட்டின் பிதாமகன் மிகாமியே இப்படிச் சொல்லும்போது செரோ காது கொடுத்துக் கேட்டால் தேவலை. 2025 மார்ச்சில் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்' 16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் நடக்கிறது, செய்தது கனடாவில். உலகம் முழுக்கச் சாமுராய் வாளால் தலையை வெட்டலாம், வேண்டாமென்றால் அணைத்தும் வைக்கலாம். ஜப்பானில் அந்தத் தேர்வே கிடையாது, தலை விழாது.

ஆர்வமுள்ளவர்கள் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. பிளேஸ்டேஷன் 3 வந்ததிலிருந்து வட்டுகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. ஹாங்காங் பக்கம் விற்கும் ஆசியப் பதிப்பை வரவழைத்துப் போட்டால் ஓடும். சிலவற்றில் ஜப்பானிய எழுத்துகளும் இருக்கும். என் நண்பனுக்கும் அதைத்தான் சொன்னேன். வாங்கினான், வாங்கியதும் அதில் என்னிடம் தோற்றான், அது வேறு கதை.

கணினியில் செரோ தரம் கட்டாயமே இல்லை. ரத்தம் தெறிக்கும் சின்ன நிறுவன விளையாட்டுகள் எத்தனையோ ஜப்பானிய மொழியிலேயே ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கின்றன. யாரும் தட்டிக் கேட்பதில்லை. பெரிய நிறுவனங்கள்தான் தயங்குகின்றன. கடையில் விற்க முடியாததை ஸ்டீமில் விற்றால் சோனி முகம் சுளிக்குமா, செரோவில் அடுத்த விளையாட்டுக்குச் சிக்கல் வருமா, பத்திரிகைக்காரன் கிளப்புவானா என்று யோசித்து, தாங்களாகவே ஜப்பானுக்கு மட்டும் பக்கத்தை மறைத்து வைக்கின்றன. கேலிஸ்டோ புரோட்டோகாலையும் அப்படித்தான், செரோ தரம் கேட்காத ஸ்டீமிலேயே ஜப்பானிலிருந்து வாங்க முடியாதபடி பூட்டி வைத்தார்கள்.